மோட்டார் சைக்கிள் மின்பாகங்களும் வெப்பமும்: ஒரு வரலாறு

மோட்டார் சைக்கிளின் மின்பாகங்கள் என்பவை தீப்பொறி தருதல், விளக்கெரித்தல், பேட்டரிக்கு மின்னேற்றுதல், எரிபொருளை அளந்து செலுத்துதல் முதலிய பணிகளைச் செய்யும் உறுப்புகள் ஆகும். காயில், ஸ்டேட்டர், ரெக்டிஃபையர், ரெகுலேட்டர், சிடிஐ பெட்டி, விளக்குகள், பேட்டரி, இவற்றை இணைக்கும் வயரிங் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. இவை அளவுக்கு மீறிச் சூடாவதைத் தடுக்கும் முயற்சி, வண்டியில் மின்சாரம் புகுந்த நாளிலிருந்தே தொடங்கியது. இந்த முயற்சி இரண்டு வழிகளில் நடந்துள்ளது. ஒன்று, உண்டான வெப்பத்தை வெளியேற்றுவது. மற்றொன்று, வெப்பம் உண்டாகாமலேயே பார்த்துக்கொள்வது. முதல் வழியிலிருந்து இரண்டாவதை நோக்கி மெல்ல நகர்ந்ததே இதன் வரலாறு.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மின்னோட்டம் பாயும் எந்தக் கம்பியிலும் வெப்பம் உண்டாகும். அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஆங்கில அறிவியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். பள்ளிப் பாடத்தில் ஜூல் விதி என்று படிப்பது இதுவே. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இக்கட்டுரையில் வரும் பல செய்திகளுக்கு இந்த ஒரு விதியே திறவுகோல்.

மோட்டார் சைக்கிளில் இதனுடன் வேறு இரண்டு வெப்பங்களும் சேர்கின்றன. ஒன்று எஞ்சினின் வெப்பம். காரைப் போலன்றி, இங்கே எஞ்சினுக்கும் மின்பாகங்களுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. மற்றொன்று சுற்றுப்புற வெப்பம். ஒரு பொருளிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் வேகம், அப்பொருளுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். காற்று 20 டிகிரியாக இருக்கும் நாட்டில் அதற்கு 80 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. காற்று 40 டிகிரியாக இருந்தால் 60 டிகிரிதான் கிடைக்கும். அதாவது, அந்தப் பாகம் வெப்பத்தை வெளியேற்றும் திறனில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுகிறது.

தாராபுரம், காங்கேயம், மூலனூர் வட்டாரங்கள் மழை மறைவுப் பகுதியில் அமைந்த வறண்ட நிலங்கள். கோடையில் இங்கே வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. குளிர்ந்த இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட மின்பாகங்கள் இந்த மண்ணில் ஏன் அடிக்கடி பழுதாயின என்பதற்கு மேற்கண்ட கணக்கு விடை தருகிறது.

மாக்னெட்டோ காலம்

கொங்கு நாட்டில் மோட்டார் சைக்கிள் பற்றிய பேச்சு ஜி. டி. நாயுடுவிடமிருந்துதான் தொடங்கும். கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த அவர், ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். ஓட்டியதோடு நில்லாமல், அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டிப் பார்த்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி.

அக்காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. தீப்பொறிக்கு மட்டுமே மின்சாரம் தேவைப்பட்டது. அதை மாக்னெட்டோ என்னும் சிறு கருவி தந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனால்டு 1902-இல் உருவாக்கிய உயர் மின்னழுத்த மாக்னெட்டோ உலகெங்கும் பரவியிருந்தது. விளக்குக்கோ கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு வரும் அசிட்டிலின் வாயுவை எரித்தனர்.

மின்சாரம் குறைவாக இருந்தும் வெப்பத் தொல்லை அப்போதே இருந்தது. மாக்னெட்டோவின் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே காப்பாகப் பூசப்பட்டது அரக்கு. சூடேறினால் அரக்கு இளகும். எஞ்சினை ஒட்டியே மாக்னெட்டோ இருந்ததால், காலையில் ஓர் உதையில் கிளம்பிய வண்டி, வெயிலில் ஓடி நின்ற பின் எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. எஞ்சின் ஆறிய பிறகு எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். மாக்னெட்டோவை எஞ்சினின் முன்பக்கமோ பின்பக்கமோ சற்றுத் தள்ளி, காற்றுப்படும் இடத்தில் வைப்பதே அன்றைக்குத் தெரிந்த தீர்வு.

டைனமோவும் 6 வோல்ட்டும்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மின்விளக்கு, பேட்டரி, டைனமோ ஆகியவை மோட்டார் சைக்கிளுக்கு வந்துசேர்ந்தன. பிரிட்டிஷ் வண்டிகளில் லூகாஸ் நிறுவனத்தின் டைனமோக்கள் பெரும்பான்மையாகப் பொருத்தப்பட்டன. அவை 6 வோல்ட்டில் 45 முதல் 60 வாட் வரை தந்தன.

விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் உருவானது. 1961-இல் மைசூரில் ஐடியல் ஜாவா உற்பத்தியைத் தொடங்கியது. அதன் வண்டிகள் 1973 முதல் எஸ்டி என்ற பெயரில் வந்தன. அதே 1961-இல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் இணைந்து சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தை ஏற்படுத்தியதால், வாகன மின்பாகங்கள் தமிழ்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கின.

இந்த வண்டிகள் பல ஆண்டுகள் 6 வோல்ட் அமைப்பிலேயே ஓடின. வெப்பத்தைப் பொறுத்தவரை அது பெரிய குறை. 36 வாட் விளக்கு ஒன்றுக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பு 0.1 ஓம் தடை தருவதாகக் கொண்டால், 6 வோல்ட் வண்டியில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 3.6 வாட் வெப்பம் உண்டாகும். 12 வோல்ட் வண்டியில் அது 0.9 வாட். அதாவது நான்கில் ஒரு பங்கு. 6 வோல்ட் வண்டியில் அந்த இணைப்பே பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தத்தை விழுங்கிவிடுவதால் விளக்கும் மங்கும். மங்கலான விளக்கையும் கருகிய இணைப்பையும் தனித்தனிக் கோளாறுகளாகப் பார்ப்பது வழக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

உலகம் முழுவதும் மோட்டார் சைக்கிள்கள் 12 வோல்ட்டுக்கு மாறியதற்குப் பிரகாசமான விளக்கு ஒரு காரணம் என்றால், கம்பிகளும் இணைப்புகளும் குளிர்ந்திருந்தது இன்னொரு காரணம். வெப்பத்தை வெளியேற்றுவதைவிட அதைத் தோன்றவிடாமல் செய்வதே மேல் என்பதற்கு இதுவே முதல் பெரிய சான்று.

மிஞ்சிய மின்சாரத்தை என்ன செய்வது?

1950-களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. நிலைக்காந்தம் பதித்த ரோட்டர் சுழல, அதற்கு எதிரே நிலையாக நிற்கும் ஸ்டேட்டர் காயில்களில் மின்சாரம் பிறக்கிறது. தேயும் கார்பன் பிரஷ் இல்லாததால் பழுது குறைந்தது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்தது. டைனமோவில் காந்தப்புலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிலைக்காந்தத்தை அப்படிச் செய்ய முடியாது. வண்டி வேகமாக ஓடினால், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கிணறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாத ஊற்று போன்றது இது.

தொடக்கத்தில் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்க செலினியம் பூசிய தகடுகளை அடுக்கிச் செய்த ரெக்டிஃபையர் பயன்பட்டது. அது அதிகச் சூடு தாங்காது. கருகும்போது வரும் துர்நாற்றத்தை அக்கால மெக்கானிக்குகள் நன்கு அறிவர். பின்னர் சிறியதும் சூடு தாங்குவதுமான சிலிக்கான் டயோடு அதன் இடத்துக்கு வந்தது.

மிஞ்சிய மின்சாரத்தைக் கையாள, 1960-களில் பிரிட்டிஷ் வண்டிகளில் லூகாஸ் நிறுவனம் சீனர் டயோடைப் பயன்படுத்தியது. குறித்த மின்னழுத்தத்தைத் தாண்டியதும் அது மிகுதி மின்சாரத்தைத் தன் வழியே ஓடவிட்டு வெப்பமாக மாற்றிவிடும். அந்த வெப்பம் வெளியேற வேண்டுமே! அதற்காக அதை ஓர் அலுமினியக் கட்டியில் பூட்டினர். பின்னாளில் அக்கட்டிக்கு மடிப்பு மடிப்பாகத் துடுப்புகள் வைத்து, முகப்பு விளக்குக்குக் கீழே எதிர்காற்று நேராக மோதும் இடத்தில் நிறுத்தினர். இன்றும் பல வண்டிகளின் ரெகுலேட்டர் மேல் காணப்படும் துடுப்புகள் இதே கருத்தின் தொடர்ச்சி. பரப்பு கூடினால் காற்றுக்குக் கைமாறும் வெப்பமும் கூடும்.

அடுத்து வந்தது, ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியில் அமைந்த ஷன்ட் வகை. மின்னழுத்தம் கூடியதும் தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சாவி ஸ்டேட்டரின் முனைகளைக் குறுக்கே இணைத்துவிடுகிறது. மலிவானது, எளியது என்பதால் இது பல ஆண்டுகள் கோலோச்சியது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. விளக்கை அணைத்தாலும் ஸ்டேட்டரின் சுமை குறைவதில்லை. அதில் மின்னோட்டம் ஏறக்குறைய அப்படியே தொடர்கிறது. தைரிஸ்டரில் 1 வோல்ட் இழப்பும் 15 ஆம்பியர் ஓட்டமும் இருந்தால், உள்ளங்கை அளவுள்ள பெட்டிக்குள் 15 வாட் வெப்பம். ஒரு சாலிடரிங் அயர்ன் வேலை செய்யும் அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது.

பின்னர் மாஸ்ஃபெட் வகைச் சாவிகள் வந்தன. அவற்றின் தடை 0.005 ஓம் அளவே. அதே 15 ஆம்பியருக்கு வெப்பம் 1.1 வாட்தான். ஜப்பானின் ஷின்டென்கென் போன்ற நிறுவனங்கள் இதற்கும் ஒரு படி மேலே போய், தேவையில்லாதபோது ஸ்டேட்டர் சுற்றைத் திறந்தே விட்டுவிடும் சீரிஸ் வகையைக் கொண்டுவந்தன. ஊற்றை அடைக்க முடியாவிட்டாலும் வாய்க்கால் மடையை அடைக்கலாம் என்ற கதைதான். இதில் ரெகுலேட்டரோடு ஸ்டேட்டரும் குளிர்ந்திருக்கிறது.

காயில் கட்டும் கலை

ஸ்டேட்டர் கருகினால் புதிதாக வாங்குவதே கம்பெனிகள் சொல்லும் வழி. கொங்கு நாட்டிலோ மற்றொரு வழியும் நெடுங்காலமாக உண்டு. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் கோவை வட்டாரத்தில் ஆலைகளும் பம்புசெட்டுகளும் பெருகின. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து செய்த மின்மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது. கிணற்று மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தரும் கடைகள் ஊர்தோறும் தோன்றின. அதே கைகள் மோட்டார் சைக்கிள் ஸ்டேட்டருக்கும் காயில் கட்டின.

இந்த வேலையில் கம்பியைச் சுற்றுவது பாதிதான். வார்னிஷில் முக்கி, சூட்டில் நன்றாக உலர்த்துவது மறுபாதி. வார்னிஷ் காப்பாக இருப்பதோடு, சுற்றுகளுக்கு இடையிலுள்ள காற்று இடைவெளியை நிரப்பி வெப்பம் இரும்புக்குக் கடக்கவும் வழி செய்கிறது. காப்புப் பொருள்களை அவை தாங்கும் வெப்பநிலையின்படி வகைப்படுத்துவர். பி வகை 130 டிகிரியும், எஃப் வகை 155 டிகிரியும், எச் வகை 180 டிகிரியும் தாங்கும். வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் பின்பற்றும் தோராய விதி. மலிவான கம்பியில் கட்டிய காயில் ஓராண்டில் கருகுவதும், தரமான கம்பியில் கட்டியது பல ஆண்டு உழைப்பதும் இதனால்தான்.

பாயின்ட்டிலிருந்து சிடிஐக்கு

காயிலும் சி.பி. பாயின்ட்டும் கொண்ட தீப்பொறி அமைப்பில் பலரும் பட்டறிந்த ஒரு குறை இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை அணைக்க மறந்தால், பாயின்ட் மூடிய நிலையில் இருக்கும்பட்சத்தில் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் பேட்டரியும் 4 ஓம் காயிலும் எனில், 3 ஆம்பியர் ஓட்டத்தில் 36 வாட் வெப்பம். வண்டி நிற்பதால் காற்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் காயில் தொட முடியாதபடி சுட்டிருக்கும். பேட்டரியும் இறங்கியிருக்கும்.

சிடிஐ எனப்படும் மின்தேக்கி வழித் தீப்பொறி அமைப்பு இந்தக் குறையை நீக்கியது. மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரம் தேவையான நொடியில் மட்டுமே காயிலுக்குள் பாய்கிறது. தொடர்ந்து ஓடும் மின்னோட்டமே இல்லை. 1969-இல் கவாசாகி எச்1 வண்டியில் இடம்பெற்ற இம்முறை, 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி வண்டிகளோடு இந்தியாவில் பரவியது. ஓசூரில் இண்ட்-சுசுகி வண்டிகள் 1984-இல் வெளிவந்தன. அதே ஆண்டில் லூகாஸ் இந்தியன் சர்வீஸும் ஜப்பானின் கொகுசான் டென்கியும் சேர்ந்து இந்தியா நிப்பான் எலெக்ட்ரிகல்ஸைத் தொடங்கின. இதனால் மின்னணுத் தீப்பொறிக் கருவிகள் ஓசூரில் உருவாகத் தொடங்கின.

ஆனால் மின்னணுப் பாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சிலிக்கான் உறுப்புகளின் உட்பகுதி பொதுவாக 150 டிகிரிக்கு மேல் தாங்காது. ஆகவே சிடிஐ பெட்டியை எஞ்சினிலிருந்து விலக்கி, இருக்கைக்குக் கீழோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ வைத்தனர். ஈரமும் அதிர்வும் தாக்காதிருக்க உள்ளே பிசின் ஊற்றி நிரப்பினர்.

விளக்கு தந்த வெப்பம்

இழை பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்கையே ஒளியாக்குகிறது. மீதியெல்லாம் வெப்பம். 35 வாட் பல்புக்காக அமைந்த வயரிங்கில், வெளிச்சம் போதாதென்று 60 வாட் பல்பு மாட்டுவது ஒரு காலத்தில் பரவலான பழக்கம். மின்னோட்டம் 2.9 ஆம்பியரிலிருந்து 5 ஆம்பியராகும். ஜூல் விதிப்படி கம்பியிலும் சுவிட்சிலும் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஹோல்டர் உருகுவதும், கைப்பிடியிலுள்ள சுவிட்ச் கருகுவதும் இதன் விளைவே. பேட்டரியிலிருந்து தடித்த கம்பி, ஃபியூஸ், ரிலே வைத்து இணைப்பதே இதற்கு முறையான தீர்வு.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் முகப்பு விளக்கு எரிவது கட்டாயமானது. பகலிலும் வண்டி கண்ணில் பட வேண்டும் என்பது நோக்கம். மின்பாகங்களைப் பொறுத்தவரை, இரவில் சில மணி நேரம் மட்டும் இருந்த சுமை உச்சி வெயிலுக்கும் வந்துவிட்டது. எல்இடி விளக்குகள் பெருக இதுவும் ஒரு தூண்டுதல். எல்இடி குறைந்த மின்சாரம் கொள்ளும். ஆயினும் அதற்கு வெப்பமே இல்லை என்பது தவறான எண்ணம். இழை பல்பு வெப்பத்தை ஒளியோடு முன்னே வீசுகிறது. எல்இடியின் வெப்பம் பின்புறமாக இறங்குகிறது. எனவே அதன் முதுகில் அலுமினியத் துடுப்புகள் தேவை. அவை இல்லாத மலிவான எல்இடி பல்புகள் விரைவில் மங்குவதற்குக் காரணம் இதுவே.

மின்சார வண்டிகளும் உயிர்ப் பாதுகாப்பும்

இதுவரை சொன்ன பழுதுகளால் பெரும்பாலும் வண்டி வழியில் நின்றது. மின்சார ஸ்கூட்டர் வந்தபோது வெப்பம் உயிர் சார்ந்த சிக்கலானது.

இத்துறையிலும் கொங்கு நாட்டுக்குப் பங்குண்டு. ஹேமலதா அண்ணாமலை 2008-இல் கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் அதன் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. டி.வி.எஸ். நிறுவனம் 2020-இல் ஐகியூப் ஸ்கூட்டரை வெளியிட்டது.

தொடக்ககால மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஈய-அமில பேட்டரி இருந்தது. பிறகு லித்தியம் அயனி பேட்டரி வந்தது. எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆனால் ஒரு செல் குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால், அதனுள் நடக்கும் வேதிவினையே மேலும் வெப்பத்தைத் தருகிறது. அது பக்கத்துச் செல்லையும் சூடாக்கி, வரிசையாகத் தீப்பற்றச் செய்கிறது. இதை வெப்ப ஓட்டம் என்பர். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் நாட்டின் வேறு இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன.

இதையடுத்து ஒன்றிய அரசு நிபுணர் குழு அமைத்து, ஏஐஎஸ் 156 என்னும் தரவிதியைத் திருத்தியது. திருத்தங்கள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. செல்களுக்கிடையே போதிய இடைவெளி, வெப்ப உணரிகள், பேட்டரி மேலாண்மை அமைப்பு, அழுத்தம் வெளியேற வழி, ஒரு செல்லின் தீ மற்றவற்றுக்குப் பரவாமை குறித்த சோதனை, ஆபத்தை முன்னறிவிக்கும் ஒலி-ஒளி எச்சரிக்கை ஆகியன அவற்றுள் அடங்கும். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் கூடுதல் வெப்பம் தாங்குவதால் அவற்றின் பக்கமும் கவனம் திரும்பியது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

வரலாறு கற்பிக்கும் பாடங்களை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்பச் சுருக்கிக் கூறலாம்.

ரெகுலேட்டரின் துடுப்புகளில் செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அவை போர்வையாகிவிடும். அவ்வப்போது கழுவிச் சுத்தமாக வைக்க வேண்டும். அதைப் பூட்டும் இடத்தில் பெயின்ட் தடிப்போ துருவோ இருந்தால் வெப்பம் சட்டத்துக்குக் கடக்காது. பரப்பைச் சுத்தம் செய்து, வெப்பக் களிம்பு தடவிப் பூட்டுவது நல்லது.

இணைப்பான்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அங்கே சூடு உண்டாகிறது என்று பொருள். எர்த் இணைப்பு உறுதியாக இருக்க வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றுவது, காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

வண்டி நின்ற பின் சில நிமிடங்கள்தான் அதன் மின்பாகங்களுக்குக் கடினமான நேரம். காற்றோட்டம் நின்றுவிடுகிறது, எஞ்சின் வெப்பமோ மேலேறிப் பரவுகிறது. தைப்பூசக் கூட்டத்தில் பழநிச் சாலையில் ஊர்ந்து வந்த வண்டியை வெயிலில் நிறுத்தாமல் நிழலில் நிறுத்துவது நல்லது. மின்சார ஸ்கூட்டரை ஓட்டி வந்த சூட்டோடு மின்னேற்றத்தில் போடாமல், ஆறவிட்டுப் போட வேண்டும். அதற்கெனத் தந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். படுக்கையறையிலும் வாசலை அடைக்கும் இடத்திலும் இரவு முழுவதும் மின்னேற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

அரக்குக் காப்பு இளகிய மாக்னெட்டோவிலிருந்து உணரிகள் பொருத்திய லித்தியம் பேட்டரி வரை பாகங்கள் முற்றிலும் மாறிவிட்டன. ஜூல் விதி மாறவில்லை. நல்ல இணைப்பு, ஏற்ற அளவுக் கம்பி, காற்று போக வழி ஆகிய மூன்றும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு எந்த அளவு தேவைப்பட்டனவோ, அதே அளவு இன்றும் தேவைப்படுகின்றன.